சுவிட்சர்லாந்து: நாடும் ஆட்சியும்

மாணவிகளே, ஒரு பிழையிலிருந்து இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறேன். பிழை என்னுடையது.

நம் பள்ளியின் பொது அறிவுப் போட்டிக்கு வினாத்தாள் தயாரிக்கும் பொறுப்பு ஒருமுறை என்னிடம் வந்தது. ‘சுவிட்சர்லாந்தின் குடியரசுத் தலைவர் யார்?’ என்பது பன்னிரண்டாவது வினா. ஒரு கையேட்டைப் பார்த்து விடையைக் குறித்து வைத்துக்கொண்டேன். போட்டி நடந்தது ஜனவரி மாதத்தில். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதிய பெயர் என் கையேட்டில் இல்லை. எனவே சிவப்பு மையால் தவறு என்று குறியிட்டேன். மறுநாள் அவள் ஒரு செய்தித்தாள் துண்டுடன் வந்து, “டீச்சர், அங்கே ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் தலைவர் மாறிவிடுவாராம்” என்றாள். அவள் சொன்னதே சரி. மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்துவிட்டு நூலகத்தில் உட்கார்ந்தேன். ஆண்டுதோறும் தலைவரை மாற்றிக்கொண்டு ஒரு நாடு எப்படி ஒழுங்காக நடக்கிறது என்று அறியும் ஆவல்தான் காரணம். தேடியது ஒன்று, கிடைத்தது அதைவிடப் பெரியது.

நாட்டைப் பற்றி முதலில் சில சொற்கள். ஐரோப்பாவின் நடுவே, ஆல்ப்ஸ் மலைகளுக்கிடையில், கடற்கரையே இல்லாத நாடு சுவிட்சர்லாந்து. பரப்பு 41,285 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மக்கள்தொகை ஏறத்தாழ 90 லட்சம். ரைன், ரோன் ஆகிய பெருநதிகள் இங்கேதான் பிறக்கின்றன. கைக்கடிகாரம், சாக்லேட், பால்பண்ணை, வங்கி ஆகியவற்றைப் பற்றி நீங்கள் புவியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். தபால்தலை சேகரிப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். அந்நாட்டுத் தபால்தலையில் ‘சுவிட்சர்லாந்து’ என்ற பெயரைக் காண முடியாது. ‘ஹெல்வேட்டியா’ என்ற லத்தீன் பெயரே இருக்கும். ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம், ரோமாஞ்சு என நான்கு தேசிய மொழிகள் உள்ள நாடு அது. ஒரு மொழியில் பெயரை அச்சிட்டால் மற்ற மூன்றுக்கும் மனக்குறை. நான்கிலும் அச்சிடத் தபால்தலையில் இடமில்லை. யாருக்கும் தாய்மொழி அல்லாத லத்தீன் அந்தச் சிக்கலைத் தீர்த்துவைத்தது. விட்டுக்கொடுத்து வாழும் கலையில் அவர்கள் எவ்வளவு தேர்ந்தவர்கள் என்பதற்கு இதைவிடச் சிறிய சான்று தேவையில்லை.

மலைநாட்டு உடன்படிக்கை

1291ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் ஊரி, ஷ்வீஸ், உண்டர்வால்டன் என்ற மூன்று பள்ளத்தாக்குகளின் மக்கள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். ஒருவருக்கு இடர் வந்தால் மற்ற இருவரும் துணை நிற்பது, வெளியாரை நீதிபதியாக ஏற்பதில்லை என்பவை அதன் சாரம். லத்தீன் மொழியில் ஆட்டுத்தோலில் எழுதப்பட்ட அந்த ஆவணம் ஷ்வீஸ் நகரில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. அது ஆண்டவரின் பெயரைச் சொல்லித் தொடங்குகிறது; இன்றைய அரசியலமைப்பும் அப்படியே தொடங்குகிறது. ஷ்வீஸ் என்ற ஊர்ப்பெயரே பின்னர் நாட்டின் பெயராயிற்று. ஆகஸ்டு 1 அவர்களின் தேசிய நாள். ஆனால் அதை நாடு முழுவதற்கும் விடுமுறையாக்கலாமா என்று மக்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகே 1994 முதல் விடுமுறை விடப்பட்டது!

மகனின் தலையில் ஆப்பிள் பழத்தை வைத்து அம்பெய்த வில்லியம் டெல் கதை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அக்கதை 1470களில்தான் முதன்முதலாக ஏட்டில் காணப்படுகிறது. அதாவது நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து. வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோர் அதைப் புனைகதை என்றே கொள்கின்றனர். நான் வில்லியம் டெல்லை விட்டுவிட்டு, ஐயத்துக்கிடமின்றி வாழ்ந்த மற்றொருவரிடம் உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

புனித நிக்கோலாஸ் (கிறிஸ்துமஸ் காலத்து நிக்கோலாஸ் அல்லர், ஃப்ளூவே ஊர் நிக்கோலாஸ்) 1417இல் பிறந்த ஓர் உழவர். போர்வீரராகவும் நீதிபதியாகவும் ஊர்ச்சபை உறுப்பினராகவும் இருந்தவர்; மனைவி டொரத்தேயா, பிள்ளைகள் பத்துப் பேர். ஐம்பதாவது வயதில் மனைவியின் ஒப்புதலைப் பெற்று வீட்டைத் துறந்து, ரான்ஃப்ட் என்னும் பள்ளத்தாக்கில் தனிமையில் செபவாழ்வு வாழத் தொடங்கினார். கடைசிப் பிள்ளை அப்போது கைக்குழந்தை. டொரத்தேயா கொடுத்த அந்த ஒப்புதலைப் பற்றிப் பிரசங்கங்களில் நாம் இன்னும் கொஞ்சம் அதிகமாகக் கேட்கலாம் என்பது என் எண்ணம்.

1481ஆம் ஆண்டுக்குள் மூன்று கான்டன்கள் எட்டாகப் பெருகியிருந்தன. (நம் மாநிலங்களைப் போன்ற பிரிவுக்கு அங்கே கான்டன் என்று பெயர்.) நகரக் கான்டன்களுக்கும் கிராமக் கான்டன்களுக்கும் பகை முற்றியது. ஃப்ரீபூர், சோலொதுர்ன் என்ற இரண்டு நகரங்களைப் புதிதாகச் சேர்ப்பதா வேண்டாமா என்பது வழக்கு. சேர்த்தால் நகரங்களின் கை ஓங்கிவிடும் என்று கிராமத்தார் அஞ்சினர். டிசம்பர் மாதத்தில் ஷ்டான்ஸ் நகரில் கூடிய பேச்சுவார்த்தை முறிந்து, பிரதிநிதிகள் ஊருக்குத் திரும்ப மூட்டை கட்டிவிட்டனர். அடுத்தது போர்தான் என்ற நிலை. அந்த ஊர்ப் பங்குத்தந்தை இரவோடிரவாகப் பனியில் நடந்து ரான்ஃப்டுக்குச் சென்று, நிக்கோலாசின் அறிவுரையைக் கேட்டுக்கொண்டு, வேர்த்து விறுவிறுக்கத் திரும்பி வந்தார். பிரதிநிதிகளைக் கெஞ்சி மறுபடியும் உட்கார வைத்தார். சில மணி நேரத்தில் உடன்பாடு ஏற்பட்டது. இரு நகரங்களும் சேர்க்கப்பட்டன. எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் துறவி சொல்லியனுப்பிய சொற்கள் எவை என்பது எந்த ஏட்டிலும் பதிவாகவில்லை. சண்டை நின்றது மட்டுமே பதிவாகியிருக்கிறது. 1947இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். சுவிட்சர்லாந்தின் பாதுகாவலர் அவரே.

மலைநாட்டில் விளைச்சல் குறைவு. ஆகவே இளைஞர்கள் பிறநாட்டு மன்னர்களுக்குக் கூலிப்படையாகப் போனார்கள். 1506 ஜனவரியில் 150 வீரர்கள் ரோமாபுரிக்கு வந்து திருத்தந்தையின் மெய்க்காவலர் ஆயினர். 1527 மே 6 அன்று எதிரிப்படை நகரைச் சூறையாடியபோது, திருத்தந்தையைக் காக்க நின்று 147 பேர் மடிந்தனர். கூலிப்படைத் தொழிலைப் பிற்காலத்தில் நாடே சட்டத்தால் தடுத்துவிட்டது. திருத்தந்தையின் காவல் மட்டும் இன்றுவரை தொடர்கிறது.

பதினாறாம் நூற்றாண்டில் சமயப் பிளவு வந்தது. சூரிச், பெர்ன், ஜெனீவா முதலிய நகரங்கள் சீர்திருத்த சபையைத் தழுவின. நடுமலைக் கான்டன்கள் கத்தோலிக்கத்திலேயே நின்றன. அப்பன்செல் என்ற சிறிய கான்டனின் கதை குறிப்பிடத்தக்கது. அந்தப் பெயருக்கே ‘மடாதிபதியின் குடில்’ என்று பொருள். அங்கே இரு சபையாரும் கலந்து வாழ்ந்தனர். சேர்ந்திருக்க முடியாது என்று கண்டபோது, 1597இல் இரண்டாகப் பிரித்துக்கொண்டனர்: உள் அப்பன்செல் கத்தோலிக்கருக்கு, வெளி அப்பன்செல் மற்றவருக்கு. இந்த உள் அப்பன்செல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் முடிவில் மறுபடியும் அங்கே போகப் போகிறோம்.

1648இல் நாட்டின் சுதந்திரம் ஐரோப்பிய அரசுகளால் ஏற்கப்பட்டது. 1798இல் பிரெஞ்சுப் படை புகுந்தது. நெப்போலியன் வீழ்ந்தபின் 1815இல், எந்தப் போரிலும் சேராத நடுநிலை நாடு என்று வல்லரசுகள் ஒப்புக்கொண்டன.

வெளியே நடுநிலை, உள்ளேயோ புகைச்சல். ஆர்காவ் கான்டன் 1841இல் துறவு மடங்களை மூடியது. லூசெர்ன் கான்டன் இயேசு சபைக் குருக்களைப் பள்ளிப் பணிக்கு அழைத்தது மறு தரப்பாருக்கு எரிச்சலூட்டியது. ஏழு கத்தோலிக்கக் கான்டன்கள் தனி அணி சேர்ந்தன. 1847 நவம்பரில் உள்நாட்டுப் போர் மூண்டது. கூட்டாட்சிப் படைக்குத் தலைமை தாங்கியவர் ஜெனீவாவைச் சேர்ந்த தளபதி துஃபூர். எதிரில் நிற்பவர்களும் நம் சகோதரர்களே, காயமுற்றவரையும் கைதிகளையும் துன்புறுத்தக்கூடாது, ஆலயங்களையும் பெண்களையும் காக்க வேண்டும் என்று அவர் தம் வீரர்களுக்கு ஆணையிட்டார். நான்கு வாரத்துக்குள் போர் முடிந்தது. இரு தரப்பிலும் சேர்த்து இறந்தவர் ஏறத்தாழ நூறு பேர். உள்நாட்டுப் போர் எவ்வளவு கொடியது என்பதை மற்ற நாடுகளின் வரலாற்றில் படித்தவர்களுக்கு இந்த எண்ணின் அருமை தெரியும். பதினாறு ஆண்டுகளுக்குப் பின் ஹென்றி துய்னான்டுடன் சேர்ந்து செஞ்சிலுவைச் சங்கத்துக்கு வித்திட்ட ஐவரில் துஃபூரும் ஒருவர். நாட்டின் மிக உயர்ந்த சிகரம் (4,634 மீட்டர்) அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

தோற்றவர்கள் கத்தோலிக்கர். இயேசு சபையார் அந்நாட்டில் பணியாற்றக்கூடாது, புதிய மடங்கள் நிறுவக்கூடாது என்ற விதிகள் அரசியலமைப்பில் ஏறின. அவை மக்கள் வாக்கெடுப்பால் நீக்கப்பட்டது 1973 மே 20 அன்றுதான். நூறாண்டுக்கு மேலான மனக்காயம் அது. எனினும், 1891இலேயே கத்தோலிக்கக் கட்சியைச் சேர்ந்த ஒருவரை ஆட்சிக்குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். அரசின் பெரிய தீர்மானங்களை மக்கள் வாக்கால் தடுத்து நிறுத்தும் வலிமை அவர்களுக்கு இருந்தது. அவர்களை வெளியே வைத்துக்கொண்டு ஆள முடியாது என்பதை வென்றவர்கள் கண்டுகொண்டனர்.

எழுவர் ஆட்சி

போருக்கு மறு ஆண்டு, 1848இல், இன்றைய கூட்டாட்சி பிறந்தது. அரசியலமைப்பு 1874இலும் 1999இலும் முழுமையாகத் திருத்தி எழுதப்பட்டது, அடிப்படை மாறவில்லை. இன்று கான்டன்கள் 26. கடைசியாக 1979இல் சேர்ந்தது யூரா. பள்ளி, காவல்துறை, மருத்துவமனை போன்றவை பெரும்பாலும் கான்டன்களின் பொறுப்பு. குடியுரிமைகூட முதலில் ஊர், பிறகு கான்டன், பிறகே நாடு என்று கீழிருந்து மேலாக வருகிறது. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து அடைக்கலம் தேடிச் சென்ற தமிழர்களில் பலர் இன்று அந்தக் குடியுரிமையைப் பெற்றவர்கள். நம் பக்கத்துக்கு அங்கிருந்து வந்தவர்களும் உண்டு: 1905 முதல் 1931 வரை கொல்லம் ஆயராக இருந்த அலோசியஸ் மரிய பென்சிகர், அன்னை மரியாளின் திருத்தலமான ஐன்சீடல்னில் பிறந்தவர். கோட்டாறு மறைமாவட்டம் 1930இல் பிரியும் வரை அப்பகுதி மக்களுக்கும் அவரே ஆயர்.

நாடாளுமன்றத்தில் இரண்டு அவைகள். தேசிய அவைக்கு 200 உறுப்பினர்கள், மக்கள்தொகைக் கணக்குப்படி. கான்டன்கள் அவைக்கு 46 பேர். பெரிய சூரிச்சுக்கும் இருவர், சிறிய ஊரிக்கும் இருவர். (பிளவுபட்ட அப்பன்செல் போன்ற ஆறு அரைக் கான்டன்களுக்கு ஒவ்வொருவர்.) இரண்டு அவைகளும் ஒன்றாகக் கூடி, நான்காண்டுக்கு ஒருமுறை, மறைவாக்கு மூலம் ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கின்றன. இதுதான் கூட்டாட்சிக் குழு. அந்நாட்டின் அமைச்சரவையும் அரசுத் தலைமையும் இதுவே. பிரதமர் என்று ஒருவர் இல்லை. நாடாளுமன்றம் இடையில் இவர்களைக் கவிழ்க்க முடியாது. இவர்களும் நாடாளுமன்றத்தைக் கலைக்க முடியாது. பெரிய கட்சிகள் நான்கும் குழுவில் இடம்பெறுவது வழக்கம். வெளியே எதிர்க்கட்சியாக நின்று திட்டுவதைவிட உள்ளே உட்கார்ந்து வாதாடுவது மேல் என்பது அவர்கள் கொள்கை. வாதாடியபின் முடிவு எதுவானாலும் எழுவரும் அதைத் தம் முடிவாகவே வெளியே சொல்ல வேண்டும். பதவியிலிருந்த ஒருவரை மறுதேர்தலில் நாடாளுமன்றம் கைவிட்டது 1848 முதல் இன்றுவரை நான்கு முறைதான்.

இந்த எழுவரில் ஒருவர், ஓராண்டுக்கு மட்டும், முறைவைத்துத் தலைவராகிறார். கூட்டத்துக்குத் தலைமை வகிப்பார், விருந்தினரை வரவேற்பார். மற்ற அறுவருக்கும் மேலான அதிகாரம் எதுவும் இல்லை. தம் துறையையும் தாமே கவனித்துக்கொள்ள வேண்டும். என் கையேடு தவறிய இடம் இதுதான்.

தலைவரின் அதிகாரம் இவ்வளவு சிறியது என்றால், பெரிய அதிகாரம் யாரிடம்? மக்களிடம், சொல்லளவில் அன்று, செயலளவில். நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றினால், 100 நாட்களுக்குள் 50,000 குடிமக்கள் கையொப்பமிட்டு அதை மக்கள் வாக்குக்குக் கொண்டுவரலாம். 18 மாதங்களுக்குள் ஒரு லட்சம் கையொப்பம் சேர்த்தால் அரசியலமைப்பையே திருத்தும்படி மக்களே முன்மொழியலாம். அரசியலமைப்பைத் தொடும் எந்த மாற்றத்துக்கும் இரண்டு பெரும்பான்மை தேவை: வாக்களித்தோரில் பெரும்பான்மை, கான்டன்களிலும் பெரும்பான்மை. ஆண்டுக்கு நான்கு ஞாயிறுகள் இதற்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளன. சில வாரங்களுக்கு முன்பே வீட்டுக்கு ஓர் உறை வரும். அதில் வாக்குச்சீட்டும், இரு தரப்பு வாதங்களையும் சொல்லும் ஒரு சிறு நூலும் இருக்கும். பெரும்பாலோர் சமையலறை மேசையில் வைத்துப் படித்து, குறியிட்டு, தபாலிலேயே அனுப்பிவிடுகின்றனர்.

அந்தச் சிறு நூலில் அரசே தவறினால்? 2016இல் திருமணமானவர்களின் வரி பற்றிய ஒரு வாக்கெடுப்பில், பாதிக்கப்படும் தம்பதியரின் எண்ணிக்கை 80,000 என்று அரசு அச்சிட்டது. உண்மையில் அது நான்கரை லட்சத்துக்கும் மேல். உச்ச நீதிமன்றம் 2019இல் அந்த வாக்கெடுப்பே செல்லாது என்று தீர்ப்பளித்தது. நாடளாவிய வாக்கெடுப்பு ஒன்று அவ்வாறு ரத்தானது அதுவே முதல் முறை.

இப்படிக் கேட்டுக் கேட்டு ஆள்வதில் வேடிக்கைகளும் உண்டு. அனைவருக்கும் ஆண்டுக்கு ஆறு வாரச் சம்பள விடுமுறை தரலாமா என்று 2012இல் கேட்டபோது, வாக்களித்தவர்களில் மூவரில் இருவர் வேண்டாம் என்றனர்! (நம் வகுப்பில் இப்படி ஒரு வாக்கெடுப்பு வைக்க எனக்குத் துணிவில்லை.) ஐக்கிய நாடுகள் சபையின் ஐரோப்பிய அலுவலகம் ஜெனீவாவிலேயே இருந்தும், அச்சபையில் சேர 1986இல் மக்கள் மறுத்துவிட்டனர். 2002இல்தான் சம்மதித்தனர்.

மக்கள் என்போர் யார்?

இதுவரை படித்தபோது ‘மக்கள்’ என்ற சொல்லை எத்தனை முறை எழுதினேன் என்று பாருங்கள். இனி அந்தச் சொல்லை நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம்.

ஹைடி என்ற சிறுமியின் கதையை உங்களில் பலர் நூலகத்தில் எடுத்துப் படித்திருக்கிறீர்கள். அதை எழுதிய யோகான்னா ஷ்பீரியின் உறவுப் பெண் ஒருவர் உண்டு, எமிலி கெம்பின்-ஷ்பீரி. யோகான்னா அவருக்கு அத்தை. மூன்று குழந்தைகளுக்குத் தாயான பின் சூரிச் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று, 1887இல் முனைவர் பட்டம் பெற்றார். சட்டத்தில் அப்பட்டம் பெற்ற முதல் சுவிஸ் பெண் அவர். தம் கணவரின் வழக்கில் அவருக்காக வாதாட விரும்பினார். வாக்குரிமை உள்ளவரே நீதிமன்றத்தில் பிறருக்காகத் தோன்றலாம் என்பது விதி. பெண்ணுக்கு வாக்குரிமை இல்லை. அவர் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். சுவிஸ் மக்கள் அனைவரும் சட்டத்தின் முன் சமம் என்று அரசியலமைப்பு சொல்கிறதே, அந்தச் சொல்லில் பெண்களும் அடக்கம் அல்லவா என்று கேட்டார். நீதிமன்றம் அந்த வாதத்தைப் புதுமையானது, துணிச்சலானது என்று கூறித் தள்ளிவிட்டது. 1901இல் பாசல் நகரில் ஒரு மனநோய் மருத்துவமனையில் அவர் இறந்தார். வழக்கறிஞர் உடையை அவர் தம் நாட்டில் ஒருநாளும் அணியவில்லை.

மற்ற நாடுகளில் மன்னரோ நாடாளுமன்றமோ ஒரு சட்டத்தால் பெண்களுக்கு வாக்குரிமை தந்துவிட முடிந்தது. இந்தியாவில் 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, ஆண் பெண் என்ற வேறுபாடின்றி அனைவருக்கும் அதை அளித்தது. சுவிட்சர்லாந்திலோ அரசியலமைப்பைத் திருத்த மக்களிடம் கேட்க வேண்டும். மக்கள் என்றால் ஆண்கள். ஆகவே பெண்களின் உரிமையை ஆண்கள் வாக்களித்துத் தர வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் கேட்டுச் செய்யும் அந்த அருமையான முறையே இங்கே பூட்டாகிவிட்டது. திறவுகோல் பூட்டின் உட்புறத்தில் இருந்தது.

1957 மார்ச்சில் வாலே கான்டனில் ஊண்டர்பேஹ் என்ற சிறு மலைக்கிராமம் ஒரு காரியம் செய்தது. குடிமைப் பாதுகாப்புப் பணியைப் பெண்களுக்கும் கட்டாயமாக்கலாமா என்று நாடெங்கும் ஆண்களிடம் வாக்குக் கேட்கப்பட்ட நேரம் அது. எங்கள் மீது சுமத்தும் கடமைக்கு எங்கள் கருத்து வேண்டாமா என்பது நியாயமான கேள்விதானே? ஊர்ச்சபை பெண்களும் வாக்களிக்கலாம் என்று துணிந்து முடிவெடுத்தது. ஊர்த்தலைவரின் மனைவி கதரீனா சென்ஹாய்சர்ன் முதலாவதாக வாக்களித்தார். அவரைத் தொடர்ந்து மற்றப் பெண்கள், மொத்தம் 33 பேர். ஊரிலேயே ஏளனமும் எதிர்ப்பும் இருந்தன. அவர்களின் சீட்டுகள் தனிப்பெட்டியில் இடப்பட்டன. அரசு அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. வாலே கத்தோலிக்கக் கான்டன் என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். பழமைப் பிடிப்புள்ள மலைக்கிராமங்களை நாம் எளிதில் எடைபோட்டுவிடக் கூடாது.

1959 பிப்ரவரி 1 அன்று நாட்டின் ஆண்களிடம் நேராகவே கேட்கப்பட்டது. வேண்டும் என்றவர்கள் 3,23,727. வேண்டாம் என்றவர்கள் ஏறத்தாழ அதன் இருமடங்கு. ஆனால் அதே நாளில் வோ கான்டன் தன் எல்லைக்குள் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. நொய்ஷாட்டலும் ஜெனீவாவும் பின்தொடர்ந்தன.

பத்தாண்டு கழித்து, 1969 மார்ச் 1 அன்று, பெர்ன் நகரில் நாடாளுமன்றத்தின் முன் ஏறத்தாழ 5,000 பேர் திரண்டனர். ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையில், பெண்களின் வாக்குரிமையை மட்டும் விலக்கிவிட்டுக் கையெழுத்திட அரசு எண்ணியிருந்தது. அதுவே கோபத்துக்குக் காரணம். மேடையில் நின்று கோரிக்கையை முழங்கியவர் எமிலி லீபர்ஹெர். 1291இல் உடன்படிக்கை செய்த அதே ஊரி கான்டனில் பிறந்தவர். இங்கன்போல் ஊரில் திருச்சிலுவைக் கன்னியர் நடத்திய தெரேசியானும் பள்ளி மாணவி. கன்னியர் பள்ளியில் படித்த பெண் ஒருத்தி தன் நாட்டு அரசை நோக்கிச் சதுக்கத்தில் குரல் எழுப்பிய காட்சியை நம் சகோதரிகளும் விரும்புவார்கள் என்று நம்புகிறேன். மனுவை வாங்க அமைச்சர் எவரும் வெளியே வரவில்லை. திரண்டிருந்த பெண்கள் ஊதல்களை எடுத்து ஊதத் தொடங்கினார்கள், சதுக்கம் அதிர்ந்தது.

1971 பிப்ரவரி 7. மறுபடியும் ஆண்களிடம் அதே கேள்வி. இம்முறை வேண்டும் என்றவர்கள் 6,21,109. வேண்டாம் என்றவர்கள் 3,23,882. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வேண்டும் என்றவர்களின் எண்ணிக்கையையும் இப்போது வேண்டாம் என்றவர்களின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள், ஏறக்குறைய ஒன்றே. ஊரியும் ஷ்வீசும் அப்போதும் மறுப்பின் பக்கமே நின்றன. அவ்வாண்டு இலையுதிர்காலத் தேர்தலில் தேசிய அவைக்குப் பத்துப் பெண்கள் வந்தனர். 1984இல் எலிசபெத் கோப் எழுவரில் ஒருவரானார். மனைவி வேலைக்குப் போகக் கணவனின் சம்மதம் வேண்டும் என்ற பழைய சட்டத்தை 1985 வாக்கெடுப்பு ஒழித்தது. ஆண்களின் வாக்கு மட்டும் எண்ணப்பட்டிருந்தால் அது தோற்றிருக்கும் என்று கருதப்படுகிறது.

கதை முடிந்தது என்று நினைப்பீர்கள். இல்லை. 1971 முடிவு நாடு தழுவிய தேர்தல்களுக்கும் வாக்கெடுப்புகளுக்கும் மட்டுமே. கான்டன் விவகாரங்களில் யார் வாக்களிப்பது என்பது கான்டனின் உரிமை. உள் அப்பன்செல்லுக்குத் திரும்புவோம். ஏறத்தாழ 16,000 பேர் வாழும், நாட்டிலேயே மிகக் குறைந்த மக்கள்தொகை கொண்ட கான்டன் அது. ஆண்டுதோறும் ஏப்ரல் கடைசி ஞாயிறன்று, திருப்பலி முடிந்தபின், ஊர்ச் சதுக்கத்தில் வாக்காளர் அனைவரும் வளையமாகக் கூடி நின்று, கையுயர்த்திச் சட்டங்களை முடிவு செய்வார்கள், ஆட்சியாளர்களையும் தேர்ந்தெடுப்பார்கள். லான்ட்ஸ்கெமைண்டே என்பது இந்தக் கூட்டத்தின் பெயர். வளையத்துக்குள் நுழைய ஆண்களுக்கு அடையாளச் சீட்டு வேண்டாம். தந்தை வழியில் வந்த குறுவாளை இடுப்பில் செருகி வந்தால் போதும். பெண்கள் கயிற்றுக்கு வெளியே நின்று பார்ப்பார்கள்.

1973இல் பெண்களைச் சேர்க்கலாமா என்று கேட்டார்கள், ஆண்கள் மறுத்தனர். 1982இல் மறுத்தனர். 1990 ஏப்ரல் 29 அன்று மூன்றாம் முறையும் மறுத்தனர். சதுக்கத்தில் அத்தனை பேருக்கு இடம் போதாது என்பதும் சொல்லப்பட்ட வாதங்களில் ஒன்று. தெரேசா ரோனர் என்ற பெண்மணியும் வேறு பலரும் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றனர். 1990 நவம்பர் 27 அன்று தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் புதுச்சட்டம் எதையும் எழுதவில்லை. அந்தக் கான்டனின் அரசியலமைப்பில் ஏற்கெனவே இருந்த ‘நாட்டு மக்கள்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டு, அதில் பெண்களும் அடக்கம் என்றார்கள். 1887இல் புதுமை, துணிச்சல் என்று தள்ளப்பட்ட அதே வாதம். தள்ளிய அதே நீதிமன்றம். இடையில் 103 ஆண்டுகள்.

1991 ஏப்ரல் 28, ஞாயிற்றுக்கிழமை, அப்பன்செல் பெண்கள் முதன்முறையாகக் கயிற்றைக் கடந்து வளையத்துக்குள் வந்து நின்றார்கள். சதுக்கத்தில் இடம் இருந்தது. 1996இல் அந்த வளையம் ரூத் மெட்ஸ்லர் என்ற இளம் பெண்ணைக் கான்டனின் கருவூலப் பொறுப்பாளராகக் கைதூக்கித் தேர்ந்தெடுத்தது. மூன்றாண்டு கழித்து, 34ஆவது வயதில், அவர் பெர்னுக்குச் சென்று எழுவரில் ஒருவராக அமர்ந்தார்.

ஆண்கள் இன்றும் குறுவாளைக் காட்டி உள்ளே நுழையலாம். பெண்கள் வாக்காளர் அட்டையைக் காட்டுகிறார்கள்.